“அந்தச் சூனியக்காரி நான்தானா மேடம்?”

கேள்வி: மேடம், என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறேழு மாதமாக சிண்ட்ரெல்லா, ஸ்நோ ஒயிட் மாதிரி பழைய தேவதைக் கதைகளைப் பயங்கரமாக மாற்றி எழுதிய ஆங்கில நாவல்களாகவே தேடிப் படிக்கிறாள். போன வாரம் அவள் மேசையில் கிடந்த ‘ஸ்டெப்சிஸ்டர்’ என்ற நாவலைப் புரட்டினேன். ஆரம்பத்திலேயே ஒரு பெண் சமையலறையில் உட்கார்ந்து, கத்தியை நெருப்பில் காட்டி, தன் கால்விரல்களைத் தானே வெட்டிக்கொள்கிறாள். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். “நீங்க படிக்காமலே பேசறீங்கம்மா” என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் பள்ளிக்குப் போன பிறகு, துணிகளுக்கு அடியில் வைத்திருந்த ஒரு லாங் சைஸ் நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். ராப்பன்சல் கதையை அவளே தன் போக்கில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கோபுரத்தில் பூட்டி வைக்கும் சூனியக்காரி அதில், “எல்லாம் உன் நல்லதுக்குத்தான் பாப்பா” என்கிறாள். வீட்டில் நான் அவளைக் கூப்பிடுவது பாப்பா என்றுதான். இந்தப் புத்தகங்கள் அவள் மனதைக் கெடுத்துவிட்டனவா? எதைப் படிக்க விடலாம், எதை விடக்கூடாது? அந்தச் சூனியக்காரி நான்தானா மேடம்? — ஒரு அம்மா, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

ஆமாம், அந்தச் சூனியக்காரியில் நீங்கள் கொஞ்சம் இருக்கிறீர்கள். இல்லவே இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றலாம், ஆனால் ‘பாப்பா’ என்ற சொல்லை நீங்களே கண்டுகொண்டுவிட்டீர்கள், இனி நான் மறைத்து என்ன ஆகப்போகிறது. அதற்காக அவள் உங்களை வெறுக்கிறாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 22 வருடமாகப் பள்ளி நூலகராக இருக்கிறேன். இந்த வயதில் தன் அம்மாவை ஏதாவது ஒரு கதைக்குள் கொண்டுபோய் வைத்து எழுதிப் பார்க்கிற பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதவும் வழியில்லாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். உங்கள் மகள் ஒரு நோட்டு வாங்கி, உட்கார்ந்து, ஒரு கதையை எடுத்து அதன் வழியாகப் பேசுகிறாள். நல்ல விஷயம் இது.

அவள் எடுத்துக்கொண்டிருக்கும் கதை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்தால் பயம் இன்னும் குறையும் என்று நினைக்கிறேன். நம்மில் பலருக்கு ராப்பன்சல் என்றால் கார்ட்டூனில் பார்த்த நீளமான பொன்னிற முடிதான் ஞாபகம் வரும். உண்மையில் ராப்பன்சல் என்பது ஒரு கீரையின் பெயர். கர்ப்பிணி ஒருத்திக்கு மசக்கை. பக்கத்துத் தோட்டத்தில் தளதளவென்று இருக்கும் அந்தக் கீரையைத் தின்றால்தான் உயிர் தரிக்கும் என்கிறாள். புருஷன் சுவர் ஏறிக் குதித்துத் திருடிக்கொண்டு வருகிறான். ஒரு நாள் தின்றதும் மறுநாள் ஆசை மூன்று மடங்காகிறது. மறுபடி போகும்போது தோட்டக்காரியிடம் மாட்டிக்கொள்கிறான். எவ்வளவு கீரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பிறக்கிற குழந்தையை எனக்குக் கொடுத்துவிடு என்கிறாள் அவள். பயத்தில் சரி என்று சொல்லிவிடுகிறான். குழந்தை பிறந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள், கீரையின் பெயரையே வைக்கிறாள், வளர்க்கிறாள். அந்தப் பெண்ணுக்கு 12 வயது ஆனதும் காட்டுக்குள் படியும் கதவும் இல்லாத கோபுரத்தில் கொண்டுபோய் அடைக்கிறாள்.

12 வயது. ஜெர்மனியில் இந்தக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அந்த எண்ணை அப்படியே எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு பெண் பிள்ளைக்கு 12, 13 வயதில் என்னென்ன நின்றுபோகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தெருவில் சைக்கிள், பக்கத்து வீட்டுப் பையன்களோடு கிரிக்கெட், இருட்டிய பிறகு கடைக்குப் போவது. “ஏன்” என்று கேட்டால் “உன் நல்லதுக்குத்தான்.” நீங்களும் அந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள், நானும்தான். திருப்பூரில் ஒரு வீட்டில் 14 வயதுப் பெண் இந்தக் கதையை எடுத்து எழுத உட்கார்ந்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

இதில் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தோட்டக்காரி எப்போதும் சூனியக்காரியாக இருந்ததில்லை. இத்தாலியில் ஜியாம்பாட்டிஸ்டா பாசிலே தொகுத்து 1634ல் அச்சான பழைய கதையில் அவள் ஒரு ராட்சசி, கீரை அங்கே பார்ஸ்லி. பிரான்சில் 1698ல் மத்மசேல் டி லா போர்ஸ் என்ற பெண் எழுத்தாளர் அதை எழுதியபோது அவள் தேவதை ஆனாள், கடைசியில் அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்து மனம் இரங்கவும் செய்தாள். 1790ல் பிரெடரிக் ஷுல்ஸ் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். 1812ல் கிரிம் சகோதரர்கள் தங்கள் முதல் தொகுதியில் சேர்த்தபோதும் அவள் தேவதைதான். பின்னால் வந்த பதிப்புகளில்தான் சூனியக்காரி என்று மாற்றினார்கள். ஒரே பெண், ஒரே தோட்டம், ஒரே கோபுரம். ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கிரிம் கதையில், அந்தப் பெண்ணின் முடியைப் பிடித்து ரகசியமாகக் கோபுரம் ஏறி வந்துபோன இளவரசன் முட்புதரில் விழுந்து கண்ணை இழந்த பிறகு அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் என்ன ஆனாள், மகளாக வளர்த்தவளைக் காட்டில் விட்டுவிட்டு வந்து அன்று ராத்திரி அந்தக் காலிக் கோபுரத்தில் என்ன செய்தாள், எதுவும் கிடையாது.

உங்கள் மகள் அந்தப் பெண்ணுக்குப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த பேச்சில் ‘பாப்பா’ என்று ஒரு சொல்லையும் வைத்திருக்கிறாள். இதைப் பல தடவை யோசித்துப் பார்த்தேன். வெறும் கோபத்தில் எழுதுகிறவள் சூனியக்காரியைக் கத்த விட்டிருப்பாள், சாபம் கொடுக்க விட்டிருப்பாள். இவள் தன்னைக் கொஞ்சிக் கூப்பிடும் சொல்லை எடுத்து அவள் வாயில் வைத்திருக்கிறாள். பூட்டி வைப்பவள் பாசம் உள்ளவள் என்று அவளுக்குத் தெரியும். பாசமும் பூட்டும் ஒரே ஆளிடமிருந்து எப்படி வருகிறது என்பதைத்தான் அவள் நோட்டில் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது. பெரிய பெரிய எழுத்தாளர்கள் தேடியதும் அதைத்தான்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

கால்விரலை வெட்டுவது இந்த நாவலாசிரியர் புதிதாகச் சேர்த்த கொடூரம் இல்லை. கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவிலேயே இருக்கிறது. பெற்ற தாயே மகள் கையில் கத்தியைக் கொடுத்து, விரலை வெட்டு, ராணியான பிறகு நீ நடக்கவே தேவையில்லை என்கிறாள். மூத்தவள் கட்டைவிரலை வெட்டி, வலியைக் கடித்துக்கொண்டு தங்கச் செருப்பில் காலைத் திணித்து, இளவரசனோடு குதிரையில் ஏறிப் போகிறாள். வழியில் சிண்ட்ரெல்லாவின் அம்மா கல்லறைமேல் வளர்ந்த மரத்தில் இருக்கும் புறாக்கள், செருப்பில் ரத்தம் இருக்கிறது என்று கூவுகின்றன. அவன் குனிந்து பார்க்கிறான், ரத்தம் வழிகிறது. திருப்பிக் கொண்டுவந்து விடுகிறான். அடுத்தவள் குதிகாலை வெட்டிக்கொள்கிறாள். வெள்ளைக் காலுறையில் ரத்தம் மேலேறிச் சிவப்பாகிறது. மறுபடி புறாக்கள். கடைசியில் கல்யாணத்தன்று அதே புறாக்கள் இருவர் கண்களையும் கொத்திப் பிடுங்குகின்றன. கண்ணாடிச் செருப்பும், அக்காமார்களை மன்னித்துப் பெரிய இடங்களில் கட்டிக்கொடுப்பதும் 1697ல் பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ எழுதிய கதை. நம் பிள்ளைகளின் படப் புத்தகங்களில் இருப்பது பெரும்பாலும் அவர் வழி வந்தது.

இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. 1812ல் முதல் தொகுதி வந்தபோது, குழந்தைகளுக்கு இது ஏற்றதில்லை என்று குறை சொன்னார்கள். தம்பி வில்ஹெல்ம் கிரிம் அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்திக்கொண்டே போனார், 1857ல் வந்த ஏழாம் பதிப்பு வரைக்கும். எதைத் திருத்தினார்கள் தெரியுமா? முதல் பதிப்பில் ராப்பன்சல் ஒரு நாள், என் உடைகள் ஏன் இப்படி இறுக்கமாகிவிட்டன என்று வெகுளியாகக் கேட்பாள். கர்ப்பம் என்று அதில்தான் வெளிப்படும். அதை எடுத்துவிட்டு, இளவரசனைவிட நீ ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறாய் என்று கிழவியைக் கேட்பதாக மாற்றினார்கள். ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். 1819ல் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்லும் ஹான்சல், கிரெட்டலின் அம்மா 1840ல் சித்தி ஆனாள். ஆனால் புறாக்கள் கண்ணைக் கொத்தும் இடம் 1812ல் கிடையாது, 1819ல் சேர்த்தது. வயிற்றில் பிள்ளை இருப்பதையும், பெற்றவளுக்குள் கோபம் இருப்பதையும் மறைக்க வேண்டும் என்று நினைத்தார்கள், ரத்தத்தை மறைக்க வேண்டும் என்று அவ்வளவாகத் தோன்றவில்லை. வீட்டில் நாமும் இப்படித்தான் பல சமயம் நடந்துகொள்கிறோம். சண்டைப் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்போம், மாதவிலக்கு விளம்பரம் வந்தால் ரிமோட்டைத் தேடுவோம்.

இன்றைக்கு இளையோருக்கு எழுதுகிற நல்ல எழுத்தாளர்கள், அந்தக் காலத்தில் துடைத்து மறைத்த இடங்களைத்தான் மறுபடி திறந்து பார்க்கிறார்கள். நீங்கள் பூட்டி வைத்திருக்கும் ‘ஸ்டெப்சிஸ்டர்’ 2019ல் ஜெனிபர் டோனலி எழுதியது. விரலை வெட்டுவதில் தொடங்குகிறது, ஆனால் கதை அதற்குப் பிறகுதான். சிண்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய் மகளான இசபெல் என்ற அந்தப் பெண் சின்ன வயதில் குதிரை ஏறவும் வாள் சுழற்றவும் ஆசைப்பட்டவள். அழகாக இரு, அடக்கமாக இரு, நல்ல இடத்தில் கல்யாணம் ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக அவளிடமிருந்து பிடுங்கப்பட்டிருக்கும். கடைசியில் பிடுங்க மிச்சம் இருந்தது கால்விரல்தான். ஊரே கல்லெறியும் அந்த நொண்டிப் பெண், இழந்த தன் மனதின் துண்டுகளைத் தேடிப் போவதுதான் நாவல். அத்தனை வருடமும் சிண்ட்ரெல்லாவை ஏன் வதைத்தோம் என்று தன்னையே கேட்டு, வெட்கப்பட்டு, அவளிடம் மன்னிப்பு கேட்கிற இடம்வரை போகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என் நூலகத்தில் நானே எடுத்துக் கொடுக்கிற புத்தகம் இது. நீங்கள் திறந்தது மிகக் கடுமையான பக்கம், யாராக இருந்தாலும் பதறத்தான் செய்வார்கள், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அவள் சொன்னது சரி. படிக்காமல் பேசிவிட்டீர்கள்.

பயங்கரமான கதை பிள்ளைகளைக் கெடுக்குமா என்று கேட்டால், எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வரும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது திண்ணையில் உட்கார வைத்து நல்லதங்காள் கதை சொல்வாள். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணி மூளி அலங்காரி பண்ணிய கொடுமை தாங்காமல், பெற்ற ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாளே, அந்தக் கதைதான். பாட்டி சொல்கிற விதத்தில் மூத்தவன், “என்னை மட்டும் விட்டுடும்மா” என்று கெஞ்சிக்கொண்டு ஓடுவான். நான் காதைப் பொத்திக்கொள்வேன். மறுநாள் அதையே சொல்லச் சொல்லிக் கேட்பேன். பக்கத்தில் பாட்டியின் தொடை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். கிரிம் புத்தகத்தில் இருப்பதைவிடப் பயங்கரமான கதை அது, நம் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. உங்கள் மகள் இந்த நாவல்களைத் தனியாகப் படிக்கிறாள், பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் வித்தியாசம். அதை நீங்கள் சரி செய்யலாம்.

அப்புறம், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று கேட்டீர்கள். எத்தனை பேர் சாகிறார்கள், எவ்வளவு ரத்தம் என்று எண்ணிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஒரு கொடுமை நடந்த பிறகு கதை அதை என்ன செய்கிறது என்று நான் பார்ப்பேன். பாசிலேயின் தூங்கும் அழகி கதையில், மயக்கத்தில் கிடக்கும் பெண்ணை ஒரு ராஜா கெடுத்துவிட்டு ஊருக்குப் போய் மறந்தே போகிறான். அவள் தூக்கத்திலேயே இரட்டைப் பிள்ளை பெறுகிறாள், கடைசியில் அவனையே கட்டிக்கொண்டு சுகமாக வாழ்ந்தாள் என்று கதை முடிகிறது. அங்கே அது குற்றமாகவே சொல்லப்படவில்லை. இன்று எழுதுகிற நாவல் அதே சம்பவத்தை எடுத்து, அந்தப் பெண் கண்விழித்ததும் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்டால், எவ்வளவு இருட்டாக இருந்தாலும் படிக்க விடுவேன், வயது பார்த்து. அதே சம்பவத்தை அழகான காதல் காட்சி மாதிரி எழுதியிருந்தால், ஒரு சொட்டு ரத்தம் இல்லாவிட்டாலும் யோசிப்பேன்.

இந்த இரண்டாவது வகையில்தான் எனக்கு உண்மையான தயக்கம். அழகியும் அரக்கனும் கதையைத் திருப்பி எழுதிய நாவல்கள் ஏராளம். அடைத்து வைப்பான், மிரட்டுவான், அவளை யாரோடும் பேச விடமாட்டான், ஆனால் பேரழகன், உள்ளே காயம் பட்டவன், ஆகவே அது காதல். சில வருடம் முன்னால் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படி ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். “மிஸ், அவன் அவ போற இடமெல்லாம் பின்னாடியே வர்றான், கேட்டா அக்கறைங்கறான். எனக்குப் படிக்கறப்போ பிடிச்சுது. அப்புறம் யோசிச்சா எங்க டியூஷன் வாசல்ல ஒருத்தன் நிக்கிறான், அவனும் இதையேதான் சொல்றான்” என்றாள். அன்று அரை மணி நேரம் பேசினோம். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிஷம், டியூஷன் வாசலைப் பற்றி மீதி நேரம். அவள் அம்மாவிடம் சொன்னாள், விஷயம் சரியானது. மோசமான புத்தகம்கூட, பேச ஆள் இருந்தால் இப்படி ஒரு உதவி செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அட்டையில் இளையோர் நாவல் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சாரா ஜே. மாஸ் எழுதிய ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015ல் வந்தபோது இளையோர் அலமாரியில் விற்றார்கள். 2020ல் புது அட்டை போட்டு, பெரியவர்களுக்கான நாவலாக வெளியிட்டார்கள். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும். பழைய பதிப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன, எட்டாம் வகுப்புப் பையில்கூட நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொடரை 14 வயதுக்கு நான் கொடுக்க மாட்டேன். மார்கோ லானகனின் ‘டெண்டர் மார்சல்ஸ்’ அருமையான எழுத்து, இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் கௌரவம் வாங்கியது, ஆனால் அப்பனே மகளைச் சீரழிப்பதில் தொடங்குகிறது. ராபின் மெக்கின்லியின் ‘டீர்ஸ்கின்’னிலும் அதே கொடுமை வருகிறது. இவை இரண்டும் பதினேழு வயதுக்கு மேல், அதுவும் முன்கூட்டியே இன்னது வரும் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஜேன் யோலனின் ‘பிரையர் ரோஸ்’ தூங்கும் அழகி கதையை ஹெல்ம்னோ என்ற நாஜி மரண முகாமோடு சேர்த்துச் சொல்கிறது. பேத்திகளுக்கு அந்தக் கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்ன ஒரு பாட்டி செத்த பிறகு, அது அவளுடைய சொந்தக் கதை என்று பேத்தி கண்டுபிடிப்பாள். பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல துணைப் பாடம் கிடையாது.

கத்தி விஷயத்தில் உங்களுக்கு இன்னொரு பயம் இருந்திருக்கும், எழுதவில்லை என்றாலும் தெரிகிறது. படித்ததைப் பார்த்துத் தானும் எதையாவது செய்துகொள்வாளோ என்ற பயம். ஒரு நாவலில் ஒரு காட்சியைப் படித்ததால் மட்டும் பிள்ளைகள் அப்படிச் செய்வதை நான் பார்த்ததில்லை. ஆனால் வெயில் காலத்திலும் முழுக்கை சட்டையைக் கழற்ற மறுக்கிறாள், சாப்பாடு குறைகிறது, தூக்கம் கெடுகிறது, தோழிகளிடமிருந்தும் விலகுகிறாள், இருந்து என்ன பிரயோஜனம் என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் புத்தகத்தைப் பற்றி விவாதிக்காமல் நேரே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. உங்களோடு பேசவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது, அதற்குக் காரணம் பீரோவுக்குள் இருக்கிறது.

அதை இன்றைக்கே எடுத்து அவள் மேசையில் வையுங்கள். நீளமாக எதுவும் பேச வேண்டாம். “படிக்காமப் பிடுங்கினது தப்பு, நீ முடிச்சதும் எனக்குக் குடு, நானும் படிக்கிறேன்” போதும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் அவளையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று படிக்கலாம். படிக்கும்போது நடுவில் புத்திமதி சொல்லாதீர்கள். இந்த அம்மா ஏன் இப்படிச் செய்கிறாள், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், பதில் வர நேரமாகும். உங்களுக்குத் தாங்காத பக்கம் வந்தால், எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது, தாண்டிப் போவோமா என்று நீங்களே சொல்லலாம். பிடிக்காத பக்கத்தைத் தாண்டலாம், பாதியில் மூடியும் வைக்கலாம் என்று அவளுக்கும் அப்போது தெரியும்.

நோட்டு விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. மறைக்கலாம் என்றுதான் தோன்றும். மறைக்காதீர்கள். துணி மடிப்பு மாறியிருப்பது அவள் கண்ணில் பட்டிருக்கும், இந்த வயதுப் பெண்களுக்கு அது தெரியாமல் போகாது. பேச்சு கொஞ்சம் திரும்பிய பிறகு, ஒரு வாரம் கழித்துக்கூட இருக்கட்டும், கேட்காமல் நோட்டைப் பார்த்துவிட்டேன், இனிமேல் தொட மாட்டேன் என்று சொல்லுங்கள். கோபப்படுவாள், அழுவாள், கதவைச் சாத்துவாள். சாத்தட்டும். சூனியக்காரி யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், நான் அப்படியா நடந்துகொள்கிறேன் என்று அழவும் வேண்டாம். அதைக் கேட்ட நிமிஷமே கதை நின்றுவிடும். உங்களைக் காயப்படுத்தாமல் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டாள் என்றால் அந்தக் கோபுரத்துக்குள் அவளால் நேர்மையாக நுழைய முடியாது.

உங்களுக்கு என்று ஒரு புத்தகம் சொல்கிறேன், மகளுக்கு இல்லை. டோனா ஜோ நாப்போலி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1996ல் எழுதிய ‘ஸெல்’. ராப்பன்சல் கதைதான். மகள், அவளை விரும்புகிறவன், வளர்த்த தாய் என்று மூன்று பேரைச் சுற்றி மாறி மாறிப் போகும். ‘நான்’ என்று பேசுவது தாய் மட்டும்தான். பிள்ளை இல்லாமல் தவித்துத் தவித்து, ஒரு பிள்ளைக்காகத் தன் ஆன்மாவையே விலையாகக் கொடுத்தவள் அவள். மகளுக்கு 13 வயது ஆகப்போகிறது, சந்தையில் ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்து கண்ணெல்லாம் வெளிச்சமாக இருக்கிறாள், அதைப் பார்த்ததும் தாய்க்கு வயிற்றைப் பிசைகிறது. அங்கிருந்து கோபுரம்வரை அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் பாசத்தில் எடுத்து வைத்ததுதான், தனிமையில் அந்தப் பெண்ணின் மனம் எப்படிச் சிதைகிறது என்பதையும் நாவல் மறைப்பதில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன். முதல் தடவை படித்தபோது என் மகளுக்கு 15 வயது, அவள் போனை நான் சோதித்துக்கொண்டிருந்த காலம். பாதியில் எழுந்து போய் அவள் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

படித்து முடித்ததும் அதையும் கூடத்தில் எங்காவது வையுங்கள், அவளே எடுப்பாள். அந்த நோட்டை என்றைக்காவது அவளாகவே உங்களிடம் நீட்டினால் முதலில் உட்கார்ந்து முழுதும் படியுங்கள், எழுத்துப் பிழை எதையும் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வெளியே யாராவது படித்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கோபுரத்துக்கு அவள் கதவு வைத்திருக்கிறாளா, வைத்திருந்தால் எந்தப் பக்கம் தாழ்ப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.